அவவுக்குக் கேட்ட குளிசை உங்களுக்கும் கேட்குமா?

கிளினிக் நாளன்று ஆஸ்பத்திரி வாங்கில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். "எனக்கு இது நல்லாக் கேட்டது அக்கா, ரெண்டு தாறன், போட்டுப் பாருங்கோ." அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். வன்னியில் தேங்காய், கறிவேப்பிலை போலக் குளிசையும் வேலிக்கு மேலால் கைமாறும். முதல் தவறு இதுதான்.

பல மருந்துகளை உடலுக்குள் மாற்றி வேலைக்கு விடுவதும், பிறகு கழித்து அனுப்புவதும் ஈரலில் உள்ள நொதியங்கள். அவற்றை ஆக்கும் மரபணு ஆளுக்காள் வேறுபடும். கோடீன் என்ற வலி மருந்தை எடுங்கள். ஈரல் அதில் ஒரு பங்கை மோர்பினாக மாற்றினால்தான் வலி குறையும். சிலரில் அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. அவர்கள் குளிசை விழுங்கியும் வலியோடுதான் இருப்பார்கள். வேறு சிலரில் அளவுக்கு மிஞ்சி வேகமாக நடந்து மூச்சே மந்தமாகிவிடும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கோடீன் கூடாது என்றது இதனால்தான். ஆகவே "கேட்கேல்லை" என்று இன்னொன்றைச் சேர்த்துப் போடுவதும் ஆபத்து.

மலேரியாவைக் கண்ட ஊர் இது. அதற்குக் குளோரோகுயினோடு பிறிமாகுயினும் கொடுப்பார்கள், ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்ல. ஜி6பிடி என்ற நொதியம் குறைந்தவர்களுக்குப் பிறிமாகுயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், நாலடி நடக்க மூச்சு வாங்கும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகிவிட்டது, சரி. ஆனால் இந்தக் குறைபாடு நுளம்போடு போய்விடாது. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோனும், ஏன், அலுமாரியில் போடும் நப்தலீன் உருண்டையும்கூட அவர்களுக்குக் கூடாது. இது எக்ஸ் நிறமூர்த்தத்தில் வருவதால் ஆண்களில் கூடுதலாகத் தெரியும்; மகனுக்குத் தாய் வழியாகத்தான் வரும். தாய்மாமனுக்கு ஏதாவது மருந்தால் இப்படி நடந்திருந்தால், மருமகனுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டரிடம் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

எல்லாப் பழியையும் மரபணு மேல் போடுவதும் பிழை. சிறுநீரகம், வயது, கூடக் குடிக்கும் மற்ற மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. அரிவி வெட்டுக் காலத்தில் மூன்று நாள் பிரஷர் குளிசையை மறந்துவிட்டு "எனக்கு மருந்து பிடிக்கிறேல்லை" என்பவர்களை என்ன சொல்வது! இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் குளோபிடோகிரெல், மரபணுவால் தெற்காசியர்களில் கணிசமானோருக்குக் குறைவாகவே வேலை செய்யும் என்பது உண்மை. அதற்காக நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். டொக்டரிடம் கேளுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

கடைசியாக, எங்கள் வீட்டில் விட்ட பிழை. அம்மாவுக்கு ஒருமுறை ஏதோ குளிசையால் உடம்பெல்லாம் தடித்து வாய் புண்ணாகியது. சுகம் வந்ததும் உறையை எறிந்துவிட்டோம். பெயர் எழுதியிருந்த கிளினிக் கொப்பி 2009 இடப்பெயர்வில் போனது. இப்போதும் டொக்டர் "என்ன மருந்து ஒத்துவராது?" என்று கேட்டால், அம்மா விரல் நுனியைக் காட்டி, "இவ்வளவு சின்ன வெள்ளைக் குளிசை" என்கிறா.