ஆன்லைனில் ஹார்மோன் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைபேசியிலேயே மருத்துவரைப் பார்த்து, ஹார்மோன் மருந்தை வீட்டுக்கே வரவழைக்க முடிகிறது. திருநங்கை, திருநம்பிகள் பலருக்கு இது பெரிய நிம்மதி. மருத்துவமனையில் நாலு பேர் முன்னால் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வேதனை இல்லை. ஆனால் பார்சல் வந்ததுமே சிகிச்சை கிடைத்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பயம் அங்கேதான்.

நம் ஊரில் வெகுகாலமாக நடக்கும் தவறு, மெடிக்கலில் மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரையை வாங்கி ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொள்வது. அதில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து அதிகம் என்பதால், இந்தச் சிகிச்சைக்கு அது வேண்டாம் என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பொதுவாக எழுதித் தருவது எஸ்ட்ராடியால் வேலரேட் போன்றவை. பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தாலும் மருந்து வேறு. ஆன்லைனில் ஒருவர் கருத்தடை மாத்திரையையே எழுதிக் கொடுத்தால், தயங்காமல் வேறு மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், படிவத்தில் நாலு கேள்விக்கு டிக் அடித்ததும் மருந்து அனுப்பும் இடங்கள். இந்தியாவில் 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, மருந்துச்சீட்டில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட மருந்தை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும். நீங்கள் நேரில் வருகிறேன் என்றால், ஆன்லைனில்தான் பார்ப்பேன் என்று மருத்துவர் வற்புறுத்தக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையைச் செலவு என்று தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தொடங்கும் முன் ஒருமுறை, முதல் வருடம் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பார்க்க வேண்டும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவர்களுக்குச் சிவப்பணுக்கள் கூடி ரத்தம் கெட்டியாகலாம். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் ஏறலாம். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டு, அதனால் தினமும் இளநீர் குடிப்பவர் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எந்தப் பரிசோதனையும் கேட்காமல் மாதாமாதம் மருந்து மட்டும் அனுப்பும் சேவையை நம்பாதீர்கள்.

மருந்தை மறுத்துவிடுவார்களோ என்று புகைபிடிப்பதையும், குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டு வந்ததையும் சிலர் மறைக்கிறார்கள். சொன்னால் பெரும்பாலும் மருந்து மறுக்கப்படாது. தோலில் ஒட்டும் பேட்ச், பூசும் ஜெல் என்று வழி மாற்றித் தரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ சாட்டில் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குப் போய், ஹார்மோன் எடுப்பதைச் சொல்லுங்கள்.

அவசரப்பட்டு அளவைக் கூட்டுவதும் வேண்டாம். மார்பு வளர்ச்சி தொடங்கவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம், முழுமையாக இரண்டு மூன்று வருடம். இரட்டிப்பாகப் போட்டால் வேகமாகாது, ஆபத்துதான் கூடும். திருநம்பிகளுக்கு ஒரு வார்த்தை: மாதவிடாய் நின்றாலும் கரு உண்டாகலாம், டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை ஆகாது. பிற்காலத்தில் சொந்தக் குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தால், விந்தணு அல்லது கருமுட்டை சேமிப்பது பற்றி முதல் மாத்திரைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லையா? பார்சல் எந்தப் பெயரில், எந்த முகவரிக்கு வரும் என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

விதைகளை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்த திருநங்கை அக்காமார் சிலர், இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை அதன்பின் பெரும்பாலும் தேவைப்படாது, சரி. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்து நிறுத்தினால் உடம்பில் ஆண், பெண் ஹார்மோன் இரண்டுமே போதுமான அளவு இருக்காது, எலும்பு தேய ஆரம்பிக்கும். எனவே ஆன்லைன் கணக்கை மூடும் முன், தொடர்ந்து பார்க்க ஒரு மருத்துவரை உறுதிசெய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் சென்னை ராஜீவ் காந்தி, மதுரை ராஜாஜி இரண்டிலும் விசாரிக்கலாம்.