எலும்பு தேய்மானத்துக்கு புரூன்ஸ்
மெனோபாஸ் ஆனதும், அதாவது பீரியட்ஸ் நின்னதும், பொம்பளைங்களுக்கு ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் குறைஞ்சு எலும்பு வேகமா தேய ஆரம்பிச்சிடும், அப்போ எல்லாரும் பால், கால்சியம் மாத்திரைன்னு மட்டும்தான் யோசிக்கிறோம், உலர்ந்த பிளம்ஸ் இருக்குல்ல, அதான் புரூன்ஸ், அதையும் சேர்த்துக்கோங்க ப்ளீஸ். அதுல இருக்குற பாலிபீனால்ங்கிற தாவரச் சத்து எலும்பை அரிக்கிற செல்லோட வேலையை மட்டுப்படுத்தலாம்னு சொல்றாங்க. அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆய்வுல, 2022ல வந்துச்சு, ஒரு வருஷம் தினமும் 50 கிராம், அதாவது அஞ்சாறு பழம் சாப்பிட்டவங்களுக்கு இடுப்பு எலும்போட அடர்த்தி குறையாம நின்னிருக்கு. 100 கிராம் சாப்பிட்ட குரூப்ல நிறைய பேர் பாதியிலயே விட்டுட்டாங்க, அதனால 50 போதும்.

எடுத்ததுமே அஞ்சு வேணாம், வயித்தால போகும், ரெண்டுல ஆரம்பிங்க. சுகர், கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, எலும்புக்கு ஏற்கனவே மாத்திரை போட்டுட்டு இருந்தா இதை நம்பி நிறுத்திடாதீங்க.