குழந்தைக்குக் கரப்பான்: தினமும் செய்ய வேண்டியதும் நிறுத்த வேண்டியதும்

கைக்குழந்தை என்றால் கன்னத்தில் சொரசொரவென்று திட்டு, தவழ ஆரம்பித்ததும் கை கால்களின் வெளிப்பக்கம், இரண்டு மூன்று வயதில் முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும் அரித்து அரித்துத் தடித்துப் போயிருக்கும். நம் பக்கம் கரப்பான் என்கிறோம், டாக்டர் சீட்டில் எக்ஸிமா என்று எழுதுவார். படங்களில் எல்லாம் சிவந்திருப்பதாகக் காட்டுவார்கள், ஆனால் நம் பிள்ளைகளின் நிறத்தில் அது கருத்தோ சாம்பல் பூத்தோ பொரிப்பொரியாகவோதான் தெரியும், சிவக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் அது கரப்பான்தானா என்று பாருங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரிக்கிறது, விரலிடுக்கில் பொரி இருக்கிறது என்றால் சிரங்காக இருக்கலாம், அதற்கு வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும், வைத்தியமே வேறு. வட்டமாகப் பரவி ஓரம் மட்டும் தடித்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு தடவை தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் மற்றதைச் செய்யுங்கள்.

கரப்பான் ரத்தம் கெட்டு வருவதில்லை, அடுத்த பிள்ளைக்கு ஒட்டவும் ஒட்டாது. பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்காவது இழைப்போ அடுக்குத் தும்மலோ இருக்கும், அந்த வாகு பிள்ளைக்கும் வந்திருக்கும். தோலின் மேலடுக்கு பலவீனமாக இருக்கிறது. வரப்பில் நண்டு வளை விழுந்தால் வயலில் தண்ணீர் நிற்காத மாதிரி, இந்தத் தோலில் ஈரம் நிற்காது, வெளியிலிருந்து தூசியும் சோப்பும் கிருமியும் சுலபமாக உள்ளே போகும். அதனால் அந்த ஓட்டையை அடைப்பதுதான் தினசரி வேலை, மருந்து கூட அதற்கு அடுத்ததுதான்.

குளிப்பாட்டுவதை நிறுத்த வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றி உருவிவிடுகிற குளியல் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. சோப்பு வேண்டுமென்றால் வாசனை இல்லாத, சோப்புத் தன்மை இல்லாத கட்டியைக் கேட்டு வாங்கி அழுக்குள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். கடலை மாவு, பயத்தம் மாவு தேய்ப்பது தோலை இன்னும் உரசும். வெடித்த தோல் வழியாக உணவுப் பொருள் உள்ளே போனால் அந்த உணவுக்கே ஒவ்வாமை உண்டாகலாம் என்பதும் இப்போது டாக்டர்கள் சொல்கிற காரணம். மஞ்சள், குப்பைமேனிச் சாறு, வேப்பிலை அரைப்பு எதுவும் புண்ணான இடத்தில் வேண்டாம், எரிந்து பிள்ளை துடிக்கும்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுசாகக் காயும் முன்னே, மூன்று நிமிடத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உடம்பு முழுக்க மாய்ஸ்சரைசர், அதாவது தோலில் ஈரம் காக்கிற பூச்சு, பூசிவிடுங்கள். சாயங்காலம் இன்னொரு தடவை. நம் வீடுகளில் இதைத்தான் ரொம்பக் கஞ்சத்தனமாகச் செய்கிறோம்: சின்ன டியூபை மாதக்கணக்கில் ஓட்டினால் பலன் இருக்காது, சின்னக் குழந்தைக்கே வாரம் 100 முதல் 200 கிராம் வரை செலவாக வேண்டும். விலை உயர்ந்தது வேண்டாம், வாசனை இல்லாத சாதா பாரஃபின் கிரீமோ வாஸ்லினோ போதும். சித்திரை வைகாசி புழுக்கத்தில் வாஸ்லின் அப்பினால் வேர்வை அடைத்து வேர்க்குரு வரும், அப்போது கிரீமுக்கு மாறுங்கள். மார்கழிப் பனியில் வாஸ்லின்தான் நிற்கும். சுத்தமான தேங்காய் எண்ணெய் பல பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்கிறது. கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலைக் கெடுக்கும். பாரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், விளக்குப் பக்கம் விடாதீர்கள்.

அடுத்து ஸ்டீராய்டு, அதாவது தடிப்பையும் அரிப்பையும் அடக்க டாக்டர் எழுதித் தரும் பூச்சு மருந்து. பேரைக் கேட்டாலே பயந்து நுனி விரலில் தொட்டு இரண்டு நாள் வைத்துவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. டாக்டர் எழுதித் தந்த வீரியத்தில், அவர் சொன்ன நாள் வரைக்கும், தோல் தடவிப் பார்த்தால் வழவழவென்று ஆகும் வரை போட வேண்டும். அளவு இப்படி: பெரியவர் ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவர் இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். முகத்துக்கு லேசான ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மாதிரி, உடம்புக்குக் கொஞ்சம் கூடுதல், இதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறிய இடம் வெளுத்துத் தெரிந்தால் வெண்புள்ளி என்று கலங்க வேண்டாம், கரப்பான் விட்டுப்போன தடம்தான், மாதக்கணக்கில் மெல்ல நிறம் திரும்பும்.

ஆனால் மெடிக்கல் கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது குளோபிட்டசோல் மாதிரி கடும் ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த டியூப். இரண்டே நாளில் அடங்கும், பிறகு தோல் மெலியும், படர்தாமரையாக இருந்தால் உருமாறிப் பரவும். 2018-லேயே இத்தகைய பூச்சு ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டுவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு நிதானமாகப் பேச வேண்டிவரும். கத்திரிக்காய், கருவாடு, முட்டை, நிலக்கடலை என்று கரப்பான் பண்டம் எல்லாவற்றையும் பிள்ளைக்கும் பால் கொடுக்கிற அம்மாவுக்கும் நிறுத்தி, கடைசியில் ரசம் சாதம் மட்டும் மிஞ்சும். அவர்கள் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் ஒரு பொருளைச் சாப்பிட்டுச் சிறிது நேரத்திலேயே தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் வந்தால் ஒழிய எதையும் நிறுத்தக் கூடாது. வளர்கிற உடம்புக்கு முட்டையும் மீனும் வேண்டும், காரணமில்லாமல் நிறுத்தி வைத்தால் பின்னால் ஒவ்வாமையே வரவும் கூடும். மோசமான கரப்பான் உள்ள கைக்குழந்தைக்கு முட்டையும் கடலையும் முதல் முறை கொடுக்கும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்று சில. அறுவடை நேரத்தில் களத்திலும் வைக்கோல் போரிலும் பிள்ளையை விளையாட விடாதீர்கள், களத்திலிருந்து வருகிறவர்கள் கை கால் கழுவி, சட்டை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். சாம்பிராணிப் புகை, பவுடர், வசம்பு வளையல், ஈரம் காயாத கருப்புக் கயிறு எல்லாமே அரிப்பைக் கூட்டும். வேதாரண்யம் பக்கம் போல போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி இரண்டு சொம்பு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, பழைய பருத்தித் துணியே போடுங்கள்.

தேன் நிறத்தில் பொருக்கு, சீழ், வலி என்றால் கிருமி ஏறியிருக்கிறது, மறுநாளே காட்டுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு, காலையிலேயே போய்விடுங்கள், வீட்டில் போட்ட எல்லா டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு. காய்ச்சலோடு, ஒரே அளவில் குழி விழுந்த சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பினால் அது ஹெர்பிஸ் கிருமியாக இருக்கலாம், கண் பக்கம் வந்தால் இன்னும் ஆபத்து. அப்போது விடியட்டும் என்று காத்திருக்காமல், ராத்திரி என்றாலும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.