கூடாரத்தோடு மோட்டார் சைக்கிளில் பிரான்ஸ் வழியே ஸ்பெயினுக்கு: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜூலையில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு இளைஞர்கள் தங்கள் பயண அட்டவணையைக் காட்டினார்கள். பதினோரு இரவுகள், கூடாரம் போடப் பதினோரு முகாம்கள், எல்லாவற்றுக்கும் பணம் கட்டி முடித்திருந்தார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட அட்டவணையும் ஏறத்தாழ அதேதான் என்பதால், அவர்களுடைய மகிழ்ச்சியில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. கடவுச்சீட்டு, காப்பீடு, மழை உடை ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை; அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

எல்லா இரவுகளுக்கும் முன்பதிவு செய்வது

நான் பார்த்தவற்றில் அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். இன்றும் யாராவது இப்படி ஓர் அட்டவணையைக் காட்டினால் எனக்கு எரிச்சல் வருகிறது.

என் முதல் பயணத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், லிமோஜ் நகருக்கு அருகே பின் டயரில் ஆணி ஏறியது. ஒட்டுப்போட முடியாத இடத்தில் கிழிந்திருந்ததால் புது டயர் வாங்க வேண்டியதாயிற்று. பிரான்சில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்பது தெரியும். மோட்டார் சைக்கிள் கடைகள் பல திங்கட்கிழமையும் மூடியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்குத்தான் வண்டி கைக்கு வந்தது. அதற்குள் சார்லா, போ, லாரூன்ஸ் ஆகிய மூன்று ஊர்களில் நான் கட்டியிருந்த முகாம் கட்டணம் வீணாகிவிட்டது. நான்காவதையாவது இழக்கக் கூடாது என்று, அன்றிரவே ஸ்பெயினின் தோர்லாவை அடைவதென முடிவு செய்தேன். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தூரம். நடுவே பிரெனீஸ் மலைத்தொடர்.

1,794 மீட்டர் உயரத்திலுள்ள புர்த்தாலே கணவாயை நெருங்கும்போது இருட்டிவிட்டது, மூடுபனியும் இறங்கிவிட்டது. கோடைக்காலத்தில் அந்த மலைச்சரிவுகளில் மாடுகளையும் குதிரைகளையும் மேயவிடுவார்கள். அவை இரவில் சாலையிலேயே நிற்கும். ஒரு வளைவின் முடிவில் விளக்கொளியில் தெரிந்த பசுவுக்கும் என் முன் சக்கரத்துக்கும் இடையே இரண்டு கைநீளம்கூட இல்லை. பதினொன்றேகால் மணிக்குத் தோர்லாவைச் சேர்ந்தபோது முகாமின் வாயில் தடுப்பு இறங்கியிருந்தது. வண்டியின் பக்கத்திலேயே தரையில் படுத்தேன். கட்டணம் போனதைவிட எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று: 2,884 மீட்டர் உயரமுள்ள மிடி டோசோ சிகரத்தைப் பார்ப்பதற்காகவே நான் அந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதன் அடிவாரத்தை இருட்டில் கடந்துவிட்டேன்.

தவறு டயரில் இல்லை, அட்டவணையில் இருந்தது. கூடாரத்தோடு செல்பவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் நேரம், விடுதியில் தங்குபவருக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. பனியில் நனைந்த கூடாரத்தைத் துடைத்து மடித்து, மூட்டை கட்டிப் புறப்படக் காலையில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மாலையில் முகாம் வரவேற்பறை மூடும் முன் போய்ச் சேர வேண்டும். பல முகாம்களில் அது ஏழு மணிக்கே மூடிவிடும், இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை வண்டிகளை உள்ளேயோ வெளியேயோ விடமாட்டார்கள். பிரான்சில் நடுத்தடுப்பு இல்லாத சாதாரணச் சாலைகளின் வேக வரம்பு 2018 ஜூலை முதல் 80 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது; பிறகு சில மாவட்டங்கள் தங்கள் சாலைகள் சிலவற்றில் மீண்டும் 90 ஆக்கின. ஊர்ப் பெயர்ப்பலகையைக் கடந்தவுடன் 50. இத்தகைய சாலைகளில் 300 கிலோமீட்டர் என்பதே ஒரு முழு நாள் வேலை. அட்டவணையில் 450 என்று எழுதியவர், சிறு தடங்கல் வந்தாலும் மறுநாளைக் கடன் வாங்கித்தான் ஈடுகட்ட முடியும்.

இப்போது நான் முதல் இரவுக்கும், திரும்பும் கப்பலுக்கு முந்தைய இரவுக்கும் மட்டுமே முன்பதிவு செய்கிறேன். மற்ற நாட்களில், அன்று காலை பத்து மணியளவில் அடுத்த ஊர் முகாமுக்குத் தொலைபேசியில் பேசிவிடுவேன். பிரான்சின் உட்பகுதிச் சிற்றூர்களில் நகராட்சி நடத்தும் முகாம்களில், ஒரு சிறு கூடாரத்துக்கு இடமில்லை என்று எனக்கு ஒருமுறைதான் பதில் வந்திருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு: ஆகஸ்டில் பிரான்சின் லாந்து, ஸ்பெயினின் கட்டலோனியா கடற்கரைகள், ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய நாட்கள், ஜூலை 6 முதல் 14 வரை சான் ஃபெர்மின் திருவிழா நடக்கும் ஸ்பெயின் நகரம் பம்ப்லோனா. அங்கெல்லாம் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் வெற்று நாள் ஒன்றை விட்டுவையுங்கள்.

அடுப்புக்கான எரிவாயுக் குப்பி

மரை வைத்துத் திருகும் குப்பிக்கான அடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். பிரான்சின் கிராமத்துப் பல்பொருள் அங்காடியிலோ, காம்பிங்காஸ் நிறுவனத்தின் அழுத்திப் பொருத்தும் நீலக் குப்பிதான் பெரும்பாலும் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. இடையில் வைக்கும் இணைப்பான் கைப்பிடியளவுதான் இருக்கும். வீட்டிலேயே வாங்கி, ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எடை

வண்டியின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். அதிலிருந்து எரிபொருள் நிரப்பிய வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்கு உரியது. அது 190 கிலோ என்றால், கவச உடையோடு நீங்கள் 90, பின்னால் அமர்பவர் 70, மீதி 30. பக்கப் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் சட்டங்களும் காலியாகவே அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். கனமானவற்றைத் தாழ்வாகவும் முன்னாலும் வையுங்கள். டயரில், கையேடு முழுச் சுமைக்கெனச் சொல்லும் காற்றழுத்தத்தை வையுங்கள்.

கையுறை

பிரான்சில் 2016 நவம்பர் 20 முதல், சிஇ (ஐரோப்பியப் பாதுகாப்புத் தர) முத்திரையுள்ள கையுறை கட்டாயம், பின்னால் அமர்பவருக்கும்தான்.

பக்க ஸ்டாண்டு

மழை பெய்த புல்தரையில் வண்டி சாய்ந்துவிடும். அடியில் வைக்க ஒரு தட்டு எடுத்துச் செல்லுங்கள்.

விறகுத் தீ

வேண்டாம். 2022 ஜூலையில் பிரான்சின் அட்லாண்டிக் கரையிலுள்ள பிலா மணல்மேட்டை ஒட்டிய ஐந்து முகாம்கள் காட்டுத்தீயில் எரிந்துபோயின.

ஆட்டோரூட்டில் வண்டி நின்றால்

பிரான்சில் ஆட்டோரூட் எனப்படும் விரைவுச்சாலைகளில், நீங்கள் பணம் கட்டிவைத்திருக்கும் மீட்புச் சேவையை நேராக வரவழைக்க முடியாது. ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசியிலோ 112 எண்ணிலோ அழைத்தால், அந்தப் பகுதிக்கு அங்கீகாரம் பெற்றவர்தான் வந்து ஏற்றிச் செல்வார். பெரும்பாலும் நீங்களே பணம் கொடுத்துவிட்டு, ரசீதைக் காட்டிக் காப்பீட்டில் திரும்பப் பெற வேண்டியிருக்கும். அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

எப்ரோ சமவெளியைப் பிற்பகலில் கடப்பது

பிரெனீஸின் குளிரிலிருந்து இறங்கிய உற்சாகத்தில், மதிய உணவுக்குப் பின் வெஸ்காவிலிருந்து தெற்கே கிளம்புகிறார்கள். சரகோசாவைச் சுற்றிய எப்ரோ ஆற்றுச் சமவெளியில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். அந்த வெப்பத்தில் வலைத்துணிச் சட்டை குளிர்ச்சி தராது; அடுப்புக் காற்றை உடலின்மீது வீசும். உள்ளே நனைத்த பருத்திச் சட்டை அணிந்து, மேலே ஜாக்கெட்டை மூடிக்கொண்டு ஓட்டுவதே மேல். அதைவிட நல்லது, விடிவதற்கு முன்பே புறப்பட்டுப் பத்து மணிக்குள் சரகோசாவைத் தாண்டிவிடுவது. அப்படிச் செய்வதானால், காலை ஏழு வரை தடுப்பு திறக்காது என்பதை நினைவில் வைத்து, முந்தைய இரவே வரவேற்பறையில் சொல்லி வண்டியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள்.