எமர்ஜென்சில ஆக்சிஜன் குடுக்கும்போது நடக்குற தப்புங்க

மாஸ்க்க மூஞ்சில மாட்டி எலாஸ்டிக்க இழுத்து விட்டதும் சுத்தி நிக்குற எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்துடும், பாதி தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. ஆக்சிஜனும் மருந்துதாங்க, அதுக்கும் டோஸ் இருக்கு, போட்டுட்டு மறந்துட முடியாது.

அதிகமா கண்ணுல படுறது பை வெச்ச மாஸ்க்தான், நான்-ரீப்ரீதர்னு பேரு. அத எடுத்து மாட்டி நிமிஷத்துக்கு 5 லிட்டர்ல வெச்சுட்டு அடுத்த பேஷன்ட்ட பாக்க போயிடுவாங்க. அதுக்கு 10லேர்ந்து 15 லிட்டர் வேணும். மாட்டறதுக்கு முன்னாடி மாஸ்க் உள்ள இருக்குற வால்வ விரலால அமுக்கி பை முழுசா உப்புற வரைக்கும் நிக்கணும், கொஞ்ச நேரம்தான் ஆகும், அதுக்கே பொறுமை இருக்காது. மாட்டினதுக்கு அப்புறம் பைய பாருங்க. மூச்சு இழுக்கும்போது லேசா சுருங்கணும். மொத்தமா ஒட்டிப்போச்சுன்னா ஃப்ளோ பத்தல, அசையவே இல்லன்னா மாஸ்க் ஓரத்துல காத்து போகுது, இல்லன்னா அவர் மூச்சே சரியா விடல. சாதா மாஸ்க்கயும் 5 லிட்டருக்கு கீழ வைக்காதீங்க, விட்ட கார்பன் டை ஆக்சைடயே திரும்ப இழுப்பாங்க. கம்மி ஃப்ளோ போதும்னா மூக்குல வைக்குற ட்யூப் இருக்கே.

எல்லாருக்கும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோ சதவீதம் நெறஞ்சிருக்குங்கற நம்பர், 100 வரணும்னு நெனைக்கறது இன்னொன்னு. பெரும்பாலான எமர்ஜென்சி பேஷன்ட்டுக்கு சாச்சுரேஷன் 94லேர்ந்து 98 இருந்தா போதும், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) மாதிரி கார்பன் டை ஆக்சைடு சேர்ற ஆபத்து இருக்குறவங்களுக்கு 88லேர்ந்து 92. இத கேட்டுட்டு சிஓபிடின்னாலே பயந்துபோய் 80ல இருக்குறவருக்கும் ஆக்சிஜன் குடுக்காம நிக்குறாங்க பாருங்க, அதுதான் ரொம்ப மோசம், ஆக்சிஜன் இல்லாம போறதுதான் சீக்கிரம் கொல்லும். ஜாஸ்தியா குடுத்து மயக்கம் வந்துடுச்சுன்னு திடீர்னு மொத்தமா கழட்டறதும் தப்பு, முன்ன இருந்ததவிட கீழ விழும். ஆக்சிஜன் சதவீதத்த அளந்து குடுக்குற வென்சுரி மாஸ்க்குக்கு மாத்தி, அந்த கலர் வால்வுல எழுதியிருக்குற ஃப்ளோவ வெச்சு படிப்படியா எறக்கணும்.

ஹார்ட் அட்டாக்னா உடனே ஆக்சிஜன்ங்கற பழக்கமும் இன்னும் போகல. 2017ல ஸ்வீடன்ல 6,629 பேர வெச்சு பண்ண டெட்டோ2எக்ஸ் ஆய்வுல, சாச்சுரேஷன் 90ம் அதுக்கு மேலயும் இருந்தவங்களுக்கு ஆக்சிஜன் குடுத்ததால ஒரு வருஷத்துல சாவு ஒண்ணும் குறையல.

சாச்சுரேஷன் பாக்க விரல்ல மாட்டற கருவி சொல்றத அப்படியே நம்பவும் கூடாது. நெயில் பாலிஷ், ஜில்லுன்னு இருக்குற கை, ரத்த ஓட்டம் ரொம்ப கொறஞ்சுபோற ஷாக் நெலம, இதெல்லாம் நம்பர கெடுக்கும். தீ விபத்துல புகைய இழுத்தவருக்கு 98னு காட்டும், ஏன்னா கார்பன் மோனாக்சைடு ஒட்டுன ரத்தத்தையும் அது ஆக்சிஜன்னே எண்ணிக்கும், அதனால அவங்களுக்கு நம்பர் என்ன சொன்னாலும் ஃபுல் ஃப்ளோதான். தூக்க மருந்து ஜாஸ்தியாகி நிமிஷத்துக்கு 6 மூச்சு விடறவருக்கும் ஆக்சிஜன் ஓடுறப்ப 97 நிக்கும், உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டே இருக்கும். நெஞ்ச பாத்து மூச்ச எண்ணுங்க, பத்தலன்னா மாஸ்க்க நம்பாம கையால அமுக்கி மூச்சு குடுக்குற ஆம்பு பேக்க எடுங்க. அதையும் பதட்டத்துல பட்பட்னு அமுக்காதீங்க, பெரியவங்களுக்கு 6 செகண்டுக்கு ஒரு தடவ, நெஞ்சு எழும்பற அளவு போதும், மீறினா காத்து வயித்துக்கு போய் வாந்தி வரும்.

ஸ்கேனுக்கு கூட்டிட்டு போறப்ப சிலிண்டர்ல முள்ளு பாதிக்கு மேல இருக்கான்னு மட்டும் பாத்துட்டு கெளம்பிடறாங்க, கணக்கு போடறதில்ல. சிலிண்டரோட தண்ணி கொள்ளளவ பார் கணக்குல இருக்குற ப்ரெஷரால பெருக்கி ஃப்ளோவால வகுக்கணும், அவ்ளோதான். 10 லிட்டர் சிலிண்டர்ல 50 பார் மிச்சம்னா 500 லிட்டர், 15ல ஓட்டினா அரை மணி நேரம் கொஞ்சம் தாண்டும், லிஃப்ட்டுக்கு நிக்குறதும் அதுலதான் சேரும். அப்புறம் நெஞ்சுல கரண்ட் ஷாக் குடுக்கறப்ப கழட்டின மாஸ்க்க பெட்லயே தலமாட்டுல ஓடவிட்டு வைக்காதீங்க, நெஞ்சுலேர்ந்து ஒரு மீட்டராவது தள்ளி வைங்க, பொறி பறந்தா பத்திக்கும்.