சைட்வாக் கணக்கை ஏடபிள்யூஎஸ் கணக்கோடு கமாண்ட் லைனில் இணைப்பது

அமேசான் சைட்வாக் (சிறு சாதனங்களை இணைக்கும் அமேசானின் நெட்வொர்க்) கணக்கை, அமேசானின் க்ளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் உள்ள ஐஓடி வயர்லெஸ் சேவையோடு இணைக்க ஒரே ஒரு கமாண்ட் போதும். அதற்குக் கொடுக்கவேண்டியவை இரண்டு: அமேசான் ஐடி, ஆப் சர்வர் பிரைவேட் கீ (ஆப் சர்வரின் ரகசியச் சாவி). முதலாவதில் பெரிதாகச் சிக்கல் வராது. பாடுபடுத்துவது கீதான்.

முதலில் எந்தக் கணக்கில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 'ஏடபிள்யூஎஸ் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி' அடித்தால் 12 இலக்கக் கணக்கு எண் வரும். இரண்டு மூன்று ப்ரொஃபைல் (சேமித்துவைத்த கணக்கு அமைப்பு) வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. அடுத்து ரீஜியன் (ஏடபிள்யூஎஸ் சர்வர்கள் இருக்கும் பகுதி): சைட்வாக்குக்கு வடக்கு வர்ஜீனியா, அதாவது யுஎஸ்-ஈஸ்ட்-1. டிஃபால்ட்டாக மும்பை இருந்தால் ஒவ்வொரு கமாண்டிலும் '--ரீஜியன்' சேர்த்துவிடுங்கள். 'ஐஓடிவயர்லெஸ்' என்ற பெயரையே தெரியாது என்று டெர்மினல் சொன்னால் சிஎல்ஐ (ஏடபிள்யூஎஸ்ஸின் கமாண்ட் லைன் கருவி) பழசு, புதுப்பியுங்கள்.

கமாண்டின் பெயர் நீளம்: 'அசோசியேட்-ஏடபிள்யூஎஸ்-அக்கவுண்ட்-வித்-பார்ட்னர்-அக்கவுண்ட்'. அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. இரண்டு மதிப்புகளும் '--சைட்வாக்' என்ற ஆப்ஷனுக்குள் போகும். அவற்றின் பெயர்களில் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து, நடுவே இடைவெளி கிடையாது. ஒரே வரியில் கொடுத்தால் இரண்டுக்கும் இடையில் வெறும் காற்புள்ளிதான். பழக்கதோஷத்தில் அதற்குப் பின் ஒரு ஸ்பேஸ் விட்டால், ஷெல் (கமாண்டைப் படித்து ஓட்டும் நிரல்) அதை இரண்டு துண்டாக்கிவிடும். கமாண்ட் பிழையில் முடியும்.

ஆனால் ஒரே வரியில் கொடுப்பதே நல்லதல்ல. கீ அப்படியே ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும். ஃபைல் வழியே கொடுங்கள். அதே கமாண்டோடு '--ஜெனரேட்-சிஎல்ஐ-ஸ்கெலிட்டன்' சேர்த்தால் காலி ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) படிவம் கிடைக்கும். அதில் சைட்வாக் பகுதியை மட்டும் நிரப்பி, டேக்ஸ் (அடையாள லேபிள்கள்), கிளையன்ட் ரிக்வெஸ்ட் டோக்கன் வரிகளை அழித்துவிடுங்கள். காலியாக விட்ட டேக் கீ (டேக்கின் பெயர்) வேலிடேஷனில், அதாவது மதிப்புகளைச் சோதிக்கும்போது, அடிபடும். ஃபைலுக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) வைத்து, '--சிஎல்ஐ-இன்புட்-ஜேசன்' ஆப்ஷனில் 'ஃபைல்://' என்று தொடங்கும் பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள். இணைப்பு முடிந்ததும் ஃபைலை அழியுங்கள்.

பிரைவேட் கீ சரியாக 64 ஹெக்ஸ் எழுத்து இருக்கவேண்டும்: 0 முதல் 9, ஏ முதல் எஃப். அதற்கு மேல் ஒரு ஸ்பேஸ்கூட ஆகாது. கீயைத் தனி ஃபைலில் வைத்து 'டபிள்யூசி -சி' கமாண்டால் எண்ணுகிறவர்கள் 65 என்று பார்த்துத் திகைப்பது வழக்கம். கூடுதலான அந்த ஒன்று ஃபைல் கடைசியில் உள்ள நியூலைன் (வரி முடிவுக் குறி). கீயில் குறை இல்லை. நியூலைனைக் கழித்து 63 வந்தால்தான் கவலைப்படவேண்டும், காப்பி செய்யும்போது எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஐடியும் கீயும் இடம் மாறிப்போயிருந்தாலும் வேலிடேஷன் பிழைதான் வரும்.

இன்னொரு பொறி: பதிலிலும் கீ திரும்பி வரக்கூடும். சிஐயில் (தானாக ஓடும் பில்ட் அமைப்பு) ஓட்டுகிறவர்கள், லாக்கில் கீ பதியாமலிருக்க, '--க்வெரி' போட்டு ஏஆர்என்னை (ஏடபிள்யூஎஸ் தரும் அடையாளப் பெயர்) மட்டும் எடுப்பது நல்லது.

ஆக்சஸ் டினைட் வந்தால், ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி நிர்வாகம்) பாலிசியில் இந்தக் கமாண்டின் பெயரிலேயே உள்ள ஆக்‌ஷனுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கான்ஃப்ளிக்ட் (மோதல்) பிழை வந்தால் மறுபடி மறுபடி ஓட்டிப் பயனில்லை. 'லிஸ்ட்-பார்ட்னர்-அக்கவுண்ட்ஸ்' அடித்து, ஏற்கெனவே இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரிபார்க்க 'கெட்-பார்ட்னர்-அக்கவுண்ட்'. இதற்கு '--பார்ட்னர்-அக்கவுண்ட்-ஐடி', '--பார்ட்னர்-டைப்' இரண்டும் கட்டாயம்; டைப்பில் 'சைட்வாக்' என்பதன் முதல் எழுத்து பெரிது. பதிலில் 'அக்கவுண்ட்லிங்க்ட்' ட்ரூ என்று இருந்தால் இணைப்பு நிற்கிறது. இங்கே கீ வராது, அதன் ஃபிங்கர்பிரின்ட் (கீயை அடையாளம் காட்டும் குறி) மட்டும் வரும். அதைக் குறித்துவையுங்கள். பின்னால் கீயை மாற்ற 'அப்டேட்-பார்ட்னர்-அக்கவுண்ட்' இருக்கிறது, இணைப்பைப் பிரிக்கத் தேவையில்லை. மாற்றிய பிறகும் பழைய ஃபிங்கர்பிரின்ட்டே காட்டினால், நீங்கள் கொடுத்தது பழைய கீதான்.

பிரிப்பதற்கு 'டிஸ்அசோசியேட்-ஏடபிள்யூஎஸ்-அக்கவுண்ட்-ஃப்ரம்-பார்ட்னர்-அக்கவுண்ட்'. அதே ஐடி, அதே டைப். 'நிச்சயமா?' என்று அது கேட்காது. வெற்றியானால் திரையில் ஒன்றும் வராது. என்டர் தட்டும் முன் கணக்கு எண்ணை இன்னொரு தடவை பாருங்கள்.