கண் தெரியாத கோழிக்குஞ்சைப் பிழைக்க வைப்பது எப்படி?

நான் பார்த்தவரை, கண் மூடிப்போன குஞ்சு நோயால் சாவதைவிடப் பசியால் சாவதுதான் அதிகம். கோழி கண்ணால் பார்த்துத் தீனி பொறுக்கும் பறவை. கண் தெரியாவிட்டால் காலடியில் தட்டு நிறைய நொய் கிடந்தாலும் அதற்குப் பட்டினிதான். தீனியும் தண்ணீரும் வயிற்றுக்குப் போய்ச் சேர வழி செய்துவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

1. முதலில் சோதித்துப் பாருங்கள்

கையை வீசிப் பார்க்காதீர்கள், காற்றுப் பட்டாலே குஞ்சு திரும்பிவிடும். ஒரு சின்னப் பஞ்சை அதன் முகத்துக்குப் பக்கத்தில் மேலிருந்து விடுங்கள். பஞ்சு சத்தமில்லாமல் விழும். பார்வையுள்ள குஞ்சு தலையைத் திருப்பிப் பார்க்கும். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரு கண் மட்டும் தெரியாத குஞ்சுக்குப் பெரிய கவலையில்லை, தெரியும் பக்கத்தில் தீனி வைத்தால் தானே சமாளித்துக்கொள்ளும்.

பொரித்த முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவே குஞ்சுக்குச் சோறு. அதனால் பிறவியிலேயே கண் தெரியாத குஞ்சும் அதுவரை நன்றாக ஓடியாடும், அப்புறம் திடீரென்று துவளும். அதுவரை காத்திருக்காமல் முதல் நாளே பாருங்கள்.

2. ஏன் இப்படி ஆனது?

இமையோரத்திலும் அலகோரத்திலும் பருப்பருவாகப் பொருக்கு இருந்தால் அம்மை. கொசு பரப்பும் நோய் இது. கண்ணில் நுரை, மூக்கில் சளி, முகவீக்கம் என்றால் சளி நோய். இரண்டும் தொற்றும், உடனே தனியாக வையுங்கள். இமைக்கு அடியில் வெள்ளையாகப் பால்கட்டி போல் திரண்டிருந்தால் வைட்டமின் ஏ பற்றாக்குறையாகவும் இருக்கலாம்.

நிறைய பேர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு: ஈரமான உமி. எச்சம் ஊறிய உமியிலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு கண்ணைப் புண்ணாக்கிவிடும். நின்றபடி மோந்தால் தெரியாது. குனிந்து, குஞ்சின் உயரத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டுபோங்கள். உங்கள் கண் எரிந்தால் அன்றே உமியை மாற்றுங்கள்.

3. கண்ணைச் சுத்தம் செய்வது

கால் லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கரையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது பஞ்சில் நனைத்து, இமைமேல் ஒரு நிமிடம் ஒற்றி வைத்தால் பீளை இளகும். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு. பொருக்கைப் பிய்க்கவே கூடாது, ரத்தம் வரும், நோயும் பரவும்.

மஞ்சளோ எண்ணெயோ கண்ணுக்குள் படக்கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் உள்ள பார்வையும் போய்விடும். மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

4. தீனி கொடுப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். குஞ்சுத் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். வேகவைத்த மஞ்சள் கரு கொஞ்சம் பிசைந்து சேர்க்கலாம். குஞ்சை உள்ளங்கையில் நிறுத்தி, கூழை விரல் நுனியில் எடுத்து அலகின் ஓரத்தில் தொடுங்கள். முதலில் தலையை உதறும். அப்புறம் ருசி தெரிந்து தானே கொத்தும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொடுங்கள். தண்ணீருக்கு அலகு நுனியை மட்டும் நனைத்து விடுங்கள். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை நகத்தால் டொக் டொக்கென்று தட்டிவிட்டுக் கொடுங்கள். தாய்க்கோழியும் தரையைக் கொத்திக் காட்டித்தானே குஞ்சுகளைக் கூப்பிடுகிறது? சில நாளில் சத்தம் கேட்டே கிண்ணத்துக்கு வரும். கிண்ணத்தின் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள், தடுக்கி விழுந்தாலும் மூழ்காது.

ராத்திரி அடைக்கும் முன் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். பிசைந்த மாவு போல மெத்தென்று இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. தட்டையாக இருந்தால் இன்னொரு முறை ஊட்டிவிட்டுத்தான் நீங்கள் படுக்க வேண்டும்.

5. இருப்பிடம்

அட்டைப் பெட்டி போதும். மூலைகளில் அட்டையை வளைத்து வைத்தால் குஞ்சு மூலையில் முட்டிக்கொண்டு நிற்காது. பல்பு ஒரு பக்கம் மட்டும். முதல் வாரம் அதன் கீழே 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். தொற்று நோய் இல்லையென்றால் சாதுவான ஒரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள், அது கொத்தும் சத்தமே வழிகாட்டும்.

வளர்ந்த பிறகு முட்டையிடுமா என்று கேட்பார்கள். இடும். மண்டையோட்டை ஊடுருவும் வெளிச்சத்தைக் கோழியின் மூளையே உணர்ந்து முட்டையிடும் காலத்தை அறிகிறது. ஆகவே பகல் வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள்.

ஒரு வாரம் ஊட்டியும் எடை ஏறாமல் நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்தினால், அதை வதைக்காமல் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மையில் இரண்டு கண்ணும் ஒட்டிப்போன செவலைக் குஞ்சு ஒன்றுக்கு இப்படித்தான் ஊட்டினோம். மூன்றாம் வாரம் ஒரு காலை இடது கண்ணின் பொருக்கு தானாக உதிர்ந்து கிடந்தது. கிண்ணத்தைத் தட்டுவதற்குள் என் விரலைப் பார்த்துக் கொத்தியது.